கிராமசபைக் காளைக்குக் குறி சுட்டவர் யார்?

மருதஞ்சேனைக் கிராமசபை வாசலில் ஹொண்டா ஃபிஃப்டியை நிறுத்தும்போதே றவூப் வெயில் சாய்ந்த அளவைப் பார்த்தான். பின்னேரத்து அசர் தொழுகை முடிவதற்குள் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனுடைய அக்கா றாஹிலா ராத்தாவின் மாப்பிள்ளை பொலிஸ் ஜீப்பில் ஏறுவது நிச்சயம்.

மாப்பிள்ளையின் பெயர் அபுல் ஹஸன். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் நடுவில் எந்தக் கடையின் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தாலும் அவருடைய எழுத்துத்தான் பல்லைக் காட்டும். ஊர்ச் சின்னத்தை அசிங்கப்படுத்தினவன் என்று ஒருதரம் பெயர் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு சாணை பிடிக்கிறவன்கூட ஒரு பலகையை நம்பிக் கொடுக்க மாட்டான். ராத்தாவும் மூன்று பிள்ளைகளும் அந்தப் பிரஷை நம்பித்தான் சோறு தின்றார்கள்.

“அண்ணன், மச்சான் செய்திருக்க மாட்டாரு,” என்றான் றவூப், ஐந்தாவது தடவையாக.

“நான் அதை நம்புறதால உன்ட மச்சானுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல தம்பி,” என்றபடி பின் இருக்கையிலிருந்து இறங்கினார் அழகரெத்தினம். “முதல்ல மாட்டைக் காட்டு.”

அழகரெத்தினம் ஒரு காலத்தில் காப்புறுதிக் கம்பனி இன்ஸ்பெக்டர். சூறாவளிக்குப் பிறகு, விழாத வீட்டுக்கும் நட்டஈடு கேட்டவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு மனிதர்மேல் இருந்த நம்பிக்கை முழுக்கப் போய்விட, வேலையை விட்டுவிட்டு கல்முனையில் ஒரு மாடியறையில் விசாரணை நிலையம் திறந்தவர். றவூப் அவருடைய உதவியாளன், மோட்டார் சைக்கிள் சாரதி, வாயாடி. சம்பளம் முதல் இரண்டுக்கு மட்டுந்தான்.

அதே சூறாவளி கூரையைக் கொண்டுபோன கிராமசபைக்குத்தான் இப்போது புதுக் கட்டடம் எழும்பியிருந்தது. திங்கட்கிழமை திறப்புவிழா. வாசலுக்கு மேலே, தெற்குப் பார்த்த சுவரில், கேடயம் மாதிரி வெட்டிய பெரிய பலகை. மேலே பிறை, இரண்டு பக்கமும் நெற்கதிர், கீழே தோணி, நடுவில் ஒரு வெள்ளைக் காளை. பிறை மார்க்க நம்பிக்கையான ஈமானுக்கு, கதிர் வயலுக்கு, தோணி கடலுக்கு, காளை உழைப்புக்கு என்று சுவரில் விளக்கமும் ஒட்டியிருந்தது. சிங்கம் போடவேண்டும் என்று ஒருவர் ஒற்றைக்காலில் நின்றாராம். இந்த ஊரில் சிங்கத்தைக் கண்டவர் யார் என்று கேட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

காளையின் பின்தொடையில்தான் வினை இருந்தது. கவட்டைத் தடி ஒன்று, அதன் கீழே இரண்டு புள்ளி. கறுப்புப் பெயின்ட்.

“பாத்தீங்களா?” என்று வெளியே வந்தார் கிராமசபைத் தலைவர் பக்கீர் முகைதீன். ஊர் அவரைச் சேர்மன் என்றுதான் கூப்பிட்டது. வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேர்ட், கோபத்தில் சிவந்த முகம். “காலையில மெம்பர்மாரைக் கூட்டி வெச்சுத் துணிய இழுத்தன். இதுதான் நிண்டது. ஊரே பாத்துட்டு.”

“மாட்டில குறி இருக்கிறது வழமைதானே, சேர்மன்?” என்றார் அழகரெத்தினம்.

“ஆர்ர குறி எண்டு பாருங்க. பூமாச்சி குடிக் குறி. எங்கட குடி!”

இந்தக் கரையில் பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. குடிக்கு ஒரு குறி உண்டு. மாட்டின் தொடையில் சூட்டுக்கோலால் அதைப் போட்டுவிட்டால், மாடு எந்தக் காட்டுக்குள் போனாலும் யாருடையது என்று தொடையே சொல்லும். இது றவூபுக்கும் தெரியும். அதற்கு மேல் மாட்டைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அது சட்டிக்கு வந்த பிறகுதான்.

“நாலு குடி இருக்கிற ஊர் இது,” என்றார் சேர்மன். “ஊர்ச் சின்னத்தில என்ட குடிக்குறி நிண்டா, நான்தான் பெருமைக்குப் போட்டன் எண்டு மத்த மூணு குடியும் சொல்லும். எவனோ ஒருத்தன் சொல்லிக் குடுத்து, இந்தக் கல்முனையான் கீறியிருக்கான். சொல்லிக் குடுத்தவன்ட பேர் எனக்கு வேணும். அது வந்தா உங்கட மச்சானை விடுவன். அசர் வரைக்கும் பாப்பன். அதுக்குப் பிறகு பொலிஸ்.”

எதிரே தேத்தண்ணிக் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பலகையைப் பார்ப்பார்கள், குனிந்துகொள்வார்கள், ஒருவன் வாயைத் துடைப்பான். றவூப் போய்க் கேட்டபோது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஊமைக் காய்ச்சல் வந்துவிட்டது.

“அண்ணன், இவங்க ஆத்திரப்படுற ஆக்கள் மாதிரித் தெரியல்லையே,” என்றான் திரும்பி வந்து. “மாப்பிள்ளை வீட்டில பிரியாணி தீஞ்சு போன மாதிரிச் சிரிக்கிறாங்க.”

“ஓம். சேர்மன் சொன்ன கதைக்கும் இந்தச் சிரிப்புக்கும் பொருத்தமில்ல,” என்றார் அழகரெத்தினம். “வா, மச்சானைப் பாப்பம்.”

அபுல் ஹஸன் சாமான் அறையில், சீமெந்து மூட்டை மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். விரல் நகத்தில் இன்னும் பச்சைப் பெயின்ட். றவூபைக் கண்டதும் கண் கலங்கியது.

“நேத்து வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகக்குள்ள மாடு சுத்தமா நிண்டது, வல்லாஹி! பலகை நிலத்தில கிடந்தது. தொழுதுட்டு வந்து பாத்தா ஆரோ துணி போத்தியிருந்தாங்க. தூசி படாம ஒரு புண்ணியவான் போத்தியிருக்கான் எண்டு நினைச்சன். துணியோட சேத்தே தூக்கி மாட்டினம்.”

“வேற ஏதும் வித்தியாசம்?” என்றார் அழகரெத்தினம்.

“கறுப்புப் பிரஷை நான் கழுவாமப் போன. வந்து பாக்கக்குள்ள கழுவி, துணியில துடைச்சு வெச்சிருந்திச்சு.”

றவூப் துள்ளினான். “அண்ணன், ஜும்ஆ நேரம்! இந்த ஊர் ஆம்பிளை எல்லாரும் பள்ளிக்குள்ள. வெளியில திரிஞ்சிருக்கக் கூடியது பொம்பிளைகளும் நீங்களுந்தான்.”

“நான் நேற்றுக் கல்முனையில பல்லுப் புடுங்கிக்கொண்டு இருந்தன்.”

“அப்ப பொம்பிளைதான். பிரஷைக் கழுவி வெச்ச ஆம்பிளையை நான் இன்னும் காணல்ல.”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா சேர்மன் என்ன சொல்லுவாரு? தொழுதுட்டு வந்த பிறகு இவரே கீறிப்போட்டுக் கழுவின எண்டுவாரு. இவரை விடுவிக்க இது காணாது.” அழகரெத்தினம் சட்டைப்பையிலிருந்து திறப்புவிழா அழைப்பிதழை எடுத்தார். மேசையில் கிடந்த குவியலிலிருந்து வரும்போதே உருவியிருந்தார். “ஒண்டு சொல்லுங்க. மாட்டை ஏன் திருப்பினீங்க?”

றவூப் எட்டிப் பார்த்தான். அழைப்பிதழில் அச்சான சின்னத்தில் காளை வலது பக்கம் பார்த்து நின்றது. பலகையில் இடது பக்கம்!

“படத்தை மறுபுறமா வெச்சுப் பிரதி எடுத்திருப்பாரு,” என்றான் றவூப்.

“அப்படியெண்டா பிறையும் தோணியும் திரும்பியிருக்கணும். அது ரெண்டும் அப்படியே கிடக்கு. காளை மட்டும் தனியாத் திரும்பியிருக்கு.”

அபுல் ஹஸன் தலையாட்டினார். “திருப்பச் சொன்னாங்க. பலகை தெற்குச் சுவரில மாட்டினா, வலப்பக்கம் பாக்கிற மாட்டுக்குப் பின்பக்கம் மேற்கில வருமாம். தொழுற கிப்லாவுக்குப் பின்பக்கத்தைக் காட்டப்படாது, முகத்தை மேற்கே திருப்புங்க எண்டாங்க. எனக்கும் சரியெண்டு பட்டுது.”

“ஆர் சொன்ன?”

“இந்தச் சின்னத்தைக் கீறிப் பரிசு எடுத்த நதீராப் புள்ள. சேர்மன்ட தங்கச்சி மகள். மாமா சொல்லிவிட்ட எண்டு சொன்னா.”

வெளியே சேர்மனிடம் அழகரெத்தினம் பேச்சோடு பேச்சாக, காளையைக் கிப்லாப் பக்கம் திருப்பினது நல்ல யோசனை என்று புகழ்ந்து வைத்தார். சேர்மன் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, அது யாருடைய யோசனையோ தனக்குத் தெரியாது என்றார். பொய் சொல்லும் முகமாக அது இல்லை.

இரண்டு பேரும் கட்டடத்தின் பின்பக்கம் போனார்கள். றவூபுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

“முடிஞ்சுது அண்ணன்! நதீரா சேர்மன்ட தங்கச்சி மகள். அப்ப அவளும் பூமாச்சி குடி. தன்ட குடிப் பெருமைக்குத் தானே கீறிப்போட்டு, பழிய மச்சான்ட தலையில போட்டிருக்காள். வாங்க, போய்ச் சொல்லுவம்.”

“பெருமைக்குக் கீறுறவள் மாட்டை ஏன் திருப்பணும்? திருப்பாத மாட்டிலயும் தொடை இருக்குத்தானே?”

றவூப் வெடுக்கென்று திரும்பினான். அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. கையில் கிடைத்த கள்ளியை விட்டுவிட்டு இந்த மனிதர் கிராமசபையின் மாட்டுப்பட்டி வேலியில் சாய்ந்து நின்றார். வயலில் இறங்கிப் பிடிபட்ட கட்டாக்காலி மாடுகள் உள்ளே அசைபோட்டுக்கொண்டு நின்றன. அழகரெத்தினம் அவற்றை மாப்பிள்ளை பார்க்க வந்த மாமியார் மாதிரி முன்னும் பின்னும் பார்த்தார்.

“தம்பி, எல்லா மாட்டுக்கும் குறி எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம்.”

“அந்தச் செவலைப் பசுவுக்கு?”

றவூப் வேலியைச் சுற்றிப் போய்ப் பார்த்தான். “வலப்பக்கம் ஏணிக் குறி. இடப்பக்கம் நம்மட கவட்டைத் தடியும் ரெண்டு புள்ளியும். ரெண்டு பக்கமும் அச்சடிச்சுக் கிடக்கு, பத்திரிகை மாதிரி.”

“அதுக்குப் பக்கத்தில தாயை விடாம முட்டுற கிடாரிக் கன்று?”

“வலப்பக்கம் கவட்டைத் தடி. இடப்பக்கம் ஒண்டுமில்ல.” சொல்லி முடிக்கும்போதே றவூபின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

“ஓம் தம்பி. பசு பிறந்தது ஏணிக் குடி வீட்டில. பிறகு பூமாச்சி குடி வாங்கியிருக்கு. அங்க போய்ப் போட்ட கன்று பிறப்பிலயே பூமாச்சி. வலப்பக்கம் பிறந்த வீட்டுக் குறி, இடப்பக்கம் வாங்கின வீட்டுக் குறி. ஊருக்கு ஊர் வழக்கு வேற. இந்த ஊர் வழக்கு இது. கல்முனையில மீன் வாங்கித் திண்ட நமக்குத் தெரியாமப் போச்சு.”

“அப்ப வாசலில நிக்கிற காளை…”

“ஊர்க் காளை. ஊருக்குப் பிறந்தது. இடப்பக்கம் பூமாச்சி குடிக் குறி. ஊரைப் பூமாச்சி குடி வாங்கிட்டு எண்டு எழுதிக் கிடக்கு. பெருமை இல்ல தம்பி, குற்றச்சாட்டு. ஊரே ஒரு பார்வையில வாசிச்சிட்டு. சேர்மனும் வாசிச்சிட்டாரு. நமக்கு மட்டும் வேற அர்த்தம் சொல்லி அனுப்பினாரு.”

றவூப் வேலியை விட்டு, சேர்மன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். சேர்மன் கேட்டது குறி கீறிய கையை அல்ல. விசயம் தெரிந்த வாயைத்தான் அவர் தேடுகிறார்.

நதீராவின் வீடு இரண்டு வேலி தள்ளி இருந்தது. உம்மா குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றப் போக, முக்காட்டை இழுத்துவிட்டு வாசல் நிலையில் நின்றாள் நதீரா. அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சி முடிக்கப் போகிறவள். கண் இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று சொன்னது.

“தங்கச்சி, பூமாச்சி குடி எதை வாங்கின?” என்று நேரே கேட்டார் அழகரெத்தினம்.

அவள் மழுப்பவில்லை. அழகரெத்தினம் குடி என்று சொன்னதுமே அழத் தொடங்கினாள்.

“குளத்து மேல்கரைத் தரை. விதைச்ச காலத்தில ஊர் மாடு எல்லாம் அங்கதான் மேயுற. கிராமசபைக்குச் சொந்தமான தரை. வாப்பா மௌத்தாகி அடக்கின பிறகு மாமாதான் எங்களுக்கு எல்லாம். அக்கரைப்பற்று மாப்பிள்ளை வீடு காணி கேட்டிச்சு. எங்களுக்கிட்டக் காணி இல்ல. மாமா அந்தத் தரைய என்ட பேருக்கு எழுதிட்டாரு. சங்கிலி பிடிச்சு அளக்க வந்த அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். வேணாம் மாமா எண்டன். வாய மூடு, கலியாணத்தை நடத்திக் காட்டுறன் எண்டாரு.”

“அதுக்காக என்ட மச்சானைப் பலி குடுப்பீங்களா?” றவூபின் குரல் வெடித்தது. “உங்கட மனச்சாட்சிக்கு அவரு ஜெயிலுக்குப் போகணுமா?”

“அவருக்கு மேல பழி வரும் எண்டு நினைக்கவே இல்ல, காக்கா,” என்றாள் அண்ணன் முறை வைத்து. “மாமா தனியப் பாத்து, வெக்கப்பட்டு, சத்தமில்லாம அழிப்பாரு எண்டு நினைச்சன். மெம்பர்மாரைக் கூட்டி வெச்சுத் துணிய இழுப்பாரு எண்டு தெரியாது. அசருக்குப் பிறகு வந்து நான் சொல்லுறன். ஆனா மாமாட முகத்தைப் பாத்துச் சொல்லணும். பயமாக் கிடக்கு.”

“சொன்னால் கலியாணம் நிக்கும்,” என்றார் அழகரெத்தினம் மெல்ல.

“ஓம். தெரியும்.”

திரும்பி நடக்கையில் றவூப் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. அழுகிற பெண்ணை நம்பி ராத்தாவின் வாழ்க்கையைப் பணயம் வைக்கலாமா? இவள் வரமாட்டாள். அடுப்படியில் ஒளிந்துகொண்டு இன்னும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விடுவாள். அவளுடைய பெயரைச் சேர்மனிடம் இப்போதே சொல்லிவிட்டால் மச்சான் அடுத்த நிமிஷம் வெளியே வருவார்.

“நீ சொன்னா, சேர்மன் அவளை வீட்டுக்குள்ள பூட்டுவாரு, மச்சானை விடுவாரு, பலகையை அழிப்பாரு, தரையை எடுப்பாரு,” என்றார் அழகரெத்தினம், கேட்காமலே. “உன்ட வாய் கொஞ்சம் பொறுக்கட்டும்.”

அசர் முடிந்தது. பள்ளியிலிருந்து வந்தவர்கள் நேரே கிராமசபை வாசலில் வந்து நின்றார்கள். பெண்கள் வேலியோரம். சேர்மன் படியில் ஏறினார்.

“சொல்லுங்க. ஆர் சொல்லிக் குடுத்த?”

“ஓவியர் கீறல்ல,” என்றார் அழகரெத்தினம். “கீறினது யாரெண்டு சொல்லுவன். அதுக்கு முதல் கீறினது என்னெண்டும் சொல்லணும். ரெண்டையும் சேத்துத்தான் சொல்லுவன்.”

“அது எல்லாருக்கும் தெரியும். எங்கட குடிக்குறி.”

“எந்தப் பக்கம், சேர்மன்?”

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். இருமல் மாதிரி அது இருக்கவில்லை. சேர்மனின் கழுத்து நரம்பு புடைத்தது.

“உங்களை நம்பினது என்ட பிழை. டேய், அவனைக் கொண்டு வா! பொலிசுக்கு ஆள் போகட்டும்.”

பியோன் அபுல் ஹஸனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். மச்சான் யாரையும் பார்க்கவில்லை. தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த நடையைக் கண்டதும் றவூபுக்குப் பொறுமை அறுந்தது. வேலியோரம் பார்த்தான். முக்காடுகள் நிறைய, அவள் இல்லை. நினைத்தது சரிதான். அவன் வாயைத் திறந்தான்.

“மாமா, அவரை விடுங்க.”

குரல் பின்னாலிருந்து வந்தது. ஆண்களின் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. நதீரா படிக்குக் கீழே வந்து நின்றாள். சேர்மனை நேரே நிமிர்ந்து பார்த்தாள்.

“நான்தான் கீறின.”

சேர்மன் அவளையே பார்த்தார். காலையிலிருந்து எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருந்தார். இந்த முகம் ஒருமுறையும் அவருடைய மனதில் வந்திருக்கவில்லை. கோபம் போய், அடிபட்ட பிள்ளையின் முகம் ஒன்று அவரிடம் வந்தது. அவளைத் தூக்கி வளர்த்த மனிதர் அவர். அந்த நோவில் மற்றதெல்லாம் அவருக்கு மறந்து போயிற்று.

“நீயா புள்ள? ஊருக்கு முன்னால என்ட முகத்தில கரி பூசினது நீயா? ஆருக்காக நான் அந்தத் தரைய எழுதின? உன்ட பேருக்குத்தானே எழுதின!”

சொல்லி முடித்த பிறகுதான் அவருடைய காதுக்கே அது கேட்டது. பியோன் அபுல் ஹஸனின் கையை விட்டுவிட்டான். சேர்மனின் உத்தரவுக்கு அவன் காத்திருக்கவில்லை. மச்சான் வந்து றவூபின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“எந்தத் தரை, சேர்மன்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

சேர்மன் உள்ளே போகத் திரும்பினார். இரண்டாந்தரம் அதே கேள்வி நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. அவர் தூணைப் பிடித்துக்கொண்டு படியிலே உட்கார்ந்தார்.

“மேல்கரைத் தரை,” என்றாள் நதீரா ஊரைப் பார்த்து. பிறகு குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். பக்கத்தில் நின்றதால் றவூபுக்கும் கேட்டது.

“கலியாணம் வேணாம், மாமா. திருப்பிக் குடுத்துடுங்க. வாங்க, வீட்ட போவம்.”